தென்றலுக்குப் பசி

செங்கம் ரோட்டிலிருந்து மலையைப் பார்த்துத் திரும்பும் அந்தச் சந்தில் வினோதினி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பூட்டுக்காரி வீடு என்றால் கைநீட்டிக் காட்டுவார்கள். சமையலறைக்கு ஒரு பூட்டு, ஃபிரிட்ஜைச் சுற்றிச் சங்கிலி போட்டு ஒரு பூட்டு, குப்பைக்கூடையின் மூடிமேல்கூட ஒரு பூட்டு. சாவிகளைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பாள்; குளிக்கும்போதும் கழற்றமாட்டாள். தாலிக்கயிறு எது, சாவிக்கயிறு எது என்றே தெரியவில்லை என்று எதிர்வீட்டு ரேணுகாம்பாள் சொல்லிச் சிரித்தது ஒரே நாளில் சந்து முழுக்கச் சுற்றி வந்தது.

இத்தனை பூட்டும் ஆறு வயதுப் பெண்குழந்தை ஒருத்திக்காக. அவள் பெயர் தென்றல்.

வினோதினி போளூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பி.எட். முடித்துவிட்டுத் தனியார் பள்ளி ஒன்றில் அறிவியல் டீச்சராக இருந்தவள். கணவன் குமரேசன் சொந்தக் கார் வைத்திருந்தான். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவன் தொழில். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. பிறந்தபோது துணிப்பொம்மை மாதிரி இருந்தது. தூக்கினால் கையும் காலும் தொங்கின. அழுகை, பூனைக்குட்டியின் முனகல் அளவுக்குத்தான். எல்லாவற்றையும்விட, அதற்குப் பால் குடிக்கத் தெரியவில்லை. மார்பில் வாயை வைத்தால் வைத்தபடியே தூங்கிப்போகும். வினோதினி பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் எடுத்து, கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பி, சொட்டுச் சொட்டாக விடுவாள். பாதி வழிந்து காதுக்குள் போகும். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் குழந்தைகள் பசியில் வீறிட்டு அழும்போது அவளுக்குப் பொறாமையில் நெஞ்சு எரியும்.

தீட்டுக் கழிந்ததும் அவள் முதலில் போனது கோயிலுக்குத்தான். உண்ணாமுலையம்மன் சந்நிதியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எத்தனையோ தரம் வந்து கும்பிட்டிருந்தும், அம்மனின் பெயருக்கு என்ன பொருள் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. மார்பு கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்திருந்தது.

"எம்புள்ளைக்குப் பசியக் குடு தாயே. வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்."

மூன்று வயதில் அந்த வேண்டுதல் பலித்தது.

முதலில் எல்லாருக்கும் கொண்டாட்டம். குமரேசனின் அக்கா சரசு வேங்கிக்காலில் சொந்த வீடு கட்டிக்கொண்டு இருந்தாள். புருஷனுக்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை. தாய் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். வாராவாரம் வந்து, நெய்யும் பருப்பும் போட்டுப் பிசைந்து, "இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்று ஊட்டினாள். தென்றல் ஒரு தரமும் தலையைத் திருப்பவில்லை. தட்டு காலியானால் சரசுவின் விரல்களை நக்கியது. "பாரு வினோ, ஊட்டத் தெரிஞ்சி ஊட்டினா எப்படித் துன்னுதுன்னு" என்றாள் சரசு.

அப்புறம் இட்லிமாவைக் குண்டானோடு பச்சையாகக் குடித்தது. கோலமாவை அள்ளித் தின்றது. வாசலில் தெருநாய்க்கு வைத்த சோற்றை நாயைத் தள்ளிவிட்டு எடுத்தது. முச்சந்தியில் திருஷ்டி கழித்து உடைத்த பூசணிக்காயை, குங்குமமும் மண்ணுமாக, வாய்நிறையத் திணித்துக்கொண்டு நின்றதை வினோதினி பார்த்த நாளில்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலூருக்குப் போனார்கள். ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினார்கள். முடிவு வந்தபின் அங்கிருந்த டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். பல ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வருவது. பதினைந்தாவது குரோமோசோமில் அப்பாவிடமிருந்து வந்து சேரவேண்டிய ஒரு சின்னத் துண்டு வந்து சேரவில்லை. பரம்பரை நோய் கிடையாது, யார் மேலும் தப்பு இல்லை, கருத்தரிக்கும்போது தானாக நடந்துபோன பிசகு.

"வயிறு நெறஞ்சிடுச்சுங்கற சேதி இவ மூளைக்குப் போகாதும்மா. இப்ப விருந்து சாப்பிட்டாலும், கை கழுவறதுக்குள்ள பல நாள் பட்டினி கெடந்தவ மாதிரி இருக்கும். நடிப்பு இல்ல. நெஜப் பசி. சாகற வரைக்கும் அந்தப் பசி இருக்கும்."

"நெறைய குடுத்தா அடங்காதுங்களா டாக்டர்?" என்று கேட்டான் குமரேசன்.

"வயிறு கிழியற வரைக்கும் சாப்பிடுவா. வாந்தி வராது. வலியும் சரியாத் தெரியாது. அளந்துதான் குடுக்கணும். மத்ததெல்லாம் பூட்டி வைங்க. இதை வேற மாதிரி சொல்ல எனக்குத் தெரியல."

திரும்பும்போது கண்ணமங்கலம் தாண்டுகிற வரைக்கும் குமரேசன் காரை விரட்டிக்கொண்டே வந்தான். டாக்டர் சொன்ன அத்தனையிலும் 'அப்பாவிடமிருந்து' என்ற ஒரு வார்த்தைதான் அவன் காதில் நின்றிருந்தது.

"எங்க வம்சத்துல இந்த மாதிரி யாருக்கும் கெடையாது" என்றான், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

பின்சீட்டில் தென்றல் சீட்டுத்துணியின் நூலைப் பிரித்து மென்றுகொண்டிருந்தது.

வினோதினி வேலையை விட்டாள். பூட்டுகள் வந்தன. காலையில் இரண்டு இட்லி, பதினோரு மணிக்கு வெள்ளரிக்காய், மதியம் ஒரு கிண்ணம் சோறு, நிறையக் கீரை. நேரம் தப்பக்கூடாது, அளவு மாறக்கூடாது, 'அப்புறம் தரேன்' என்ற சொல் வாயில் வரவே கூடாது. இல்லையென்றால் இல்லைதான். எப்போதாவது ஒருதரம் இளகினால், பத்து நாளைக்கு அதைப் பிடித்துக்கொண்டு அலறுவாள் குழந்தை. தரையில் தலையை மோதுவாள். கைத்தோலை நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கிக்கொள்வாள்.

ஆனால் தென்றல் அசடு இல்லை. பேச்சில் தேன் ஒழுகும். ஜன்னலில் நின்றுகொண்டு போகிற வருகிறவர்களையெல்லாம் உறவு கொண்டாடிக் கூப்பிடுவாள். அக்கா, உங்க பொடவ சூப்பர். தாத்தா, உங்க தாடி சூப்பர். பேச்சு நாலாவது வரியில் சோற்றுக்கு வந்துவிடும். "எங்கம்மா எனக்குச் சோறே போடல. நேத்துலேருந்து போடல." கேட்டவர்கள் விக்கித்துப்போய்க் கடைக்கு ஓடுவார்கள். ஜன்னல் கம்பி வழியாக பன், பிஸ்கட், வாழைப்பழம், பொட்டலம் பிரிக்காத புளிசாதம் எல்லாம் வந்து விழும். வினோதினி ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாள். அதையும் கிழித்து உள்ளே தள்ளினார்கள். ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து நிறுத்தி, இது ஒரு வியாதி என்று சொல்லிப்பார்த்தாள்.

"பசிக்கறது ஒரு வியாதியா?" என்றாள் ரேணுகாம்பாள். "அப்ப ஊரே ஆஸ்பத்திரியிலதான் கெடக்கணும்."

வேறு ஊராக இருந்தால் இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. இந்த ஊரில் சோறு கிடைக்காத தெருவே கிடையாது. கோயிலில் போடுகிறார்கள், ஆசிரமங்களில் போடுகிறார்கள், மலை சுற்றுகிற பாதையில் யாராவது ஒருவர் தன் பிறந்தநாளுக்கோ, பிள்ளைக்கு விசா கிடைத்ததற்கோ வண்டியை நிறுத்திக் கூப்பிட்டுப் போடுகிறார்கள். எங்கே எந்த நேரத்துக்கு என்ன என்பது தென்றலுக்கு மனப்பாடம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி சொல்லிக்காட்டுவாள். பௌர்ணமியன்று வினோதினி கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுவாள். அப்படியும் சாம்பார் வாசனை உள்ளே வரும். தென்றல் கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள்.

வினோதினியும் மனுஷிதான். ஒருநாள் குழந்தை குளியல் சோப்பைப் பாதி தின்றுவிட்டிருந்ததைக் கண்டதும் எங்கிருந்தோ ஒரு வெறி வந்தது. கரண்டியை எடுத்து முதுகிலும் தொடையிலும் விளாசினாள். தன் கை வலித்த பிறகுதான் நிறுத்தினாள். தென்றல் அழவே இல்லை. நுரை ஒட்டிய வாயோடு நிமிர்ந்து பார்த்தது.

"அடிச்சி முடிச்சிட்டியா? பிஸ்கட் தருவியா?"

அன்றைக்கு வினோதினி குளியலறைக்குள் போய்த் தன்னையே அடித்துக்கொண்டாள். அதற்காகக் கை அடங்கிவிடவில்லை. பிறகும் அடித்திருக்கிறாள். கட்டில்காலில் துப்பட்டாவால் கட்டிப்போட்டுவிட்டுத் துணி துவைத்திருக்கிறாள். ஒரு மத்தியானம், இது செத்துப்போனால் நான் தூங்கலாமே என்று ஒரு நினைப்பு, யாரோ காதில் சொன்ன மாதிரி, தெளிவாக வந்து போனது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

குமரேசனால் இந்த அளவுச்சோற்றைப் பார்க்க முடியவில்லை. குழந்தையைக் காரில் ஒரு சுற்றுக் கூட்டிப்போகிறேன் என்று போவான். திரும்பி வந்தபின் சீட்டுக்கு அடியில் முறுக்குத் தூள் கிடக்கும்.

"ஒரு முறுக்குக்கு உசுரா போயிடும்?"

"டாக்டர் சொன்னப்ப நீங்களும் கூடத்தான இருந்தீங்க?"

"டாக்டருங்க சொல்லுவாங்க. அது மூஞ்சப் பாத்து 'இல்ல'ன்னு சொல்ல எனக்கு வரலடி. நீ எப்படித்தான் சொல்றியோ."

அப்படிச் சொல்லிவிட்டு அவன் நல்லவனாகிப் போய்விடுவான். தென்றலும் அப்பா வந்தால் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும். அம்மாவிடம் கழுத்துச் சாவிக்காக மட்டும்தான் வரும்.

போன ஐப்பசிப் பௌர்ணமியன்று மத்தியானம் குமரேசன் சாப்பிட வந்தவன், போன் பேசிக்கொண்டே கிரில்கேட்டைச் சாத்தாமல் உள்ளே வந்துவிட்டான். வினோதினி பின்பக்கம் துணி உலர்த்திவிட்டுத் திரும்பியபோது கூடம் காலியாக இருந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். அவன் காரை எடுத்துக்கொண்டு ரோட்டில் ஒரு பக்கமாகப் போனான். இவள் மலை சுற்றும் பாதையில் கூட்டத்துக்குள் போனாள். அதற்குள்ளேயே ஜனம் நெரிந்துகொண்டிருந்தது.

சென்னையிலிருந்து வந்த ஒரு குழு பந்தல் போட்டுச் சாம்பார் சாதமும் சர்க்கரைப் பொங்கலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே மாதிரி மஞ்சள் பனியன் போட்ட இளம்பெண்களும் ஆண்களும். தென்றல் வரிசையில் நிற்கவில்லை. அண்டாவுக்குப் பின்னால், அவர்களுக்கு நடுவில், ஒரு ஸ்டூலில் உட்காரவைக்கப்பட்டிருந்தாள். பக்கத்தில் காலித் தட்டுகள் அடுக்காகக் கிடந்தன.

"இன்னும் வேணுமாடா செல்லம்?" என்று ஒருத்தி கேட்டு மறுபடி பொங்கலை வைத்தாள்.

வினோதினி பாய்ந்துபோய்த் தட்டைத் தட்டிவிட்டாள். குழந்தையின் தாடையை அழுத்திப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டு, விழுங்காமல் இருந்ததைத் தோண்டி வெளியே எடுத்தாள். தென்றல் பன்றியை அறுக்கிற மாதிரி அலறியது. சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். தலைவிரிகோலமாக, வெறுங்காலோடு, எலும்பும் தோலுமாக ஒருத்தி; அவள் கையில் கொழுகொழுவென்று, கன்னமெல்லாம் பொங்கலாக ஒரு குழந்தை.

"ஏய், யாரும்மா நீ? கொழந்தைய விடு."

"எம்பொண்ணுங்க. இதுக்கு ஒரு வியாதி இருக்குது, இது சாப்…"

"பெத்தவ எவளாச்சும் புள்ள வாயிலேருந்து சோத்தப் புடுங்குவாளா?" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. புள்ளைபிடிக்கிறவள் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. சுற்றி வட்டம் கட்டிவிட்டார்கள். மஞ்சள் பனியன் போட்ட பெண் மண்டிபோட்டு உட்கார்ந்து, பயப்படாதே என்று தென்றலின் முதுகைத் தடவினாள். கையில் புதுத்தட்டு, அதில் ஆவி பறக்கிற பொங்கல்.

"பாப்பா, நீ சொல்லு. இவங்க யாரு? உங்கம்மாவா?"

தென்றல் அம்மாவைப் பார்த்தது. பொங்கலைப் பார்த்தது. ஆமாம் என்றால் தட்டு போய்விடும் என்பது அதற்குத் தெரியும்.

"தெரியாது" என்றது.

முதல் அடி யார் அடித்தது என்று வினோதினிக்குத் தெரியவில்லை. முடியைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். மாலை போட்ட சாமி ஒருவர் காலால் உதைத்தார். ஒரு தோட்டைப் பிடித்து யாரோ இழுக்க, காதுமடல் கிழிந்து ரத்தம் கழுத்தில் ஓடியது. தரையில் ஊன்றியிருந்த இடதுகையை ஒரு செருப்புக்கால் மிதித்தபோது மணிக்கட்டில் எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அத்தனை கால்களுக்கும் நடுவே அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஸ்டூலில் உட்கார்ந்து தென்றல் அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தது. ஒருதரம்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

போலீஸ்காரர் ஒருவர் வந்து விலக்கினார். குமரேசன் வந்து, செல்போனில் இருந்த குடும்பப் படத்தைக் காட்டி, தன் பெண்டாட்டிதான் என்று எல்லாரிடமும் கைகூப்பிச் சொன்னான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "பெத்தவளா இருந்தா மட்டும் இன்னா? பசியோட வுட்டிருக்கா பாரு" என்று சொல்லிக்கொண்டே கலைந்தார்கள். மஞ்சள் பனியன் பெண் ஒரு கவரில் பொங்கலைக் கட்டி, குழந்தைக்கு என்று குமரேசன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். கார் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தென்றல் அதையும் தின்று முடித்தது.

மறுநாள் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பெற்ற மகளைப் பட்டினி போட்ட அரக்கி என்று மேலே எழுதியிருந்தார்கள். எப்படியோ அவள் நம்பரும் வெளியே போய்விட்டது. முகம் தெரியாத ஆம்பளைகள் கூப்பிட்டு நாக்கூசும்படி திட்டினார்கள். ஒரு பெண் குரல் நிதானமாக, உனக்கெல்லாம் எதற்குக் கர்ப்பப்பை என்று கேட்டது. வினோதினி போனை அணைத்துத் துணி அலமாரிக்குள் போட்டாள்.

சரசு வந்தாள். அடிபட்டவளைப் பார்த்துக் கண்கலங்கினாள், உண்மையாகவே கலங்கினாள்.

"கொஞ்ச நாளைக்குப் பாப்பா எங்கூட இருக்கட்டும் வினோ. இந்தக் கைய வச்சிக்கினு நீ எப்படிப் பாத்துப்ப? ஊர் வாயும் அடங்கட்டும்."

"அண்ணி, நீங்க அளவா குடுக்கணும். பூட்டணும். கொஞ்சம் அசந்தாலும்…"

"எனக்குத் தெரியாதா? நான் ரெண்டு புள்ளையப் பெத்து வளத்தவ, உம் புருஷனையும் சேத்தா மூணு."

குமரேசன் அக்காவின் பக்கம் நின்றான். வினோதினி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். ஆனால் 'தெரியாது' என்று சொன்ன அந்தச் சின்ன வாய் கண்ணுக்குள்ளேயே நின்றது. அதன்மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. நேரம் வாரியாக என்ன கொடுப்பது என்று சரசுவுக்கு ஒப்பித்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தென்றல் அத்தையின் இடுப்பில் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் போனது. வினோதினி விடிய விடியத் தூங்கினாள். அடுத்த நாளும் தூங்கினாள். ஆறு வருஷத்துத் தூக்கத்தையும் மொத்தமாகத் தூங்கித் தீர்ப்பவள் மாதிரி கிடந்தாள். தூக்கம் இவ்வளவு இனிக்கும் என்பதே அவளுக்கு மறந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து, மாவுக்கட்டுப் போட்ட கையோடு வேங்கிக்காலுக்குப் போய்ப் பார்த்தாள். தென்றல் இன்னும் ஊதியிருந்தது. அம்மாவைக் கண்டதும் சரசுவின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்து, "நான் வரல, நான் வரல" என்று கத்தியது. சரசு பெருமையும் சங்கடமுமாகச் சிரித்தாள். சமையலறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

"அண்ணி, பூட்டுங்கன்னு சொன்னேனே."

"இங்க வந்ததுலேருந்து ஒருநாள் அழல வினோ. நீயே சொல்லு, ஒருநாளாச்சும் உங்கிட்ட இப்படிச் சிரிச்சிருக்கா?"

சிரித்ததில்லைதான். வினோதினி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அன்றிரவு குமரேசனிடம், குழந்தையைக் கூட்டிவந்துவிடலாம் என்றாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஆர்த்திக்கு மஞ்சத்தண்ணி விசேஷம் வச்சிருக்காங்க. அது முடியட்டும்" என்றான். ஆர்த்தி சரசுவின் மகள்; புதிதாக வயதுக்கு வந்திருந்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீ மண்டபத்துக்கு வராத வினோ. வந்தா அத்தனை பேரும் அந்த வீடியோவப் பத்தியேதான் பேசுவாங்க. அக்காவுக்கு அவமானம்" என்றான்.

அவள் போகவில்லை. விசேஷம் நன்றாக நடந்தது என்று குமரேசன் வந்து சொன்னான். தென்றல் பட்டுப்பாவாடையில் எல்லார் மடியிலும் உட்கார்ந்ததாம், எல்லாரும் ஊட்டினார்களாம். திங்கட்கிழமை விடியற்காலையில் சவாரி வந்து அவன் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிப்போனான்.

செவ்வாய்க்கிழமை காலையில் வினோதினி, ரொம்ப நாளைக்கு அப்புறம், அலமாரிக்குள்ளிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தாள். டாக்டரம்மாவைக் கேட்டு அடுத்த தேதி வாங்கத்தான். வரிசையாகத் திட்டுகள் வந்து விழுந்தன. அவற்றுக்கு நடுவில் சரசு அனுப்பிய ஒரு போட்டோ இருந்தது. மண்டபத்திலிருந்து கொண்டுவந்த மீந்த சாப்பாட்டு அண்டாக்கள் பின்கட்டில் இருந்தன. ஒன்றின் மூடி கீழே கிடந்தது. அண்டாமேல் சாய்ந்து தென்றல் தூங்கிக்கொண்டிருந்தது. முழங்கைவரைக்கும் கேசரி. வயிறு பாவாடையைத் தள்ளிக்கொண்டு நின்றது. கீழே சரசு எழுதியிருந்தாள்: 'நாங்க அசதில தூங்கிட்டோம். உம்பொண்ணு பண்ண வேலையப் பாரு.' பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சிகள்.

முந்தின நாள் மத்தியானம் அனுப்பியது.

ஆட்டோ பிடித்தாள். வேங்கிக்காலில் இறங்கி உள்ளே ஓடினாள். தென்றல் சோபாவில் சாய்ந்திருந்தது. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, உதட்டில் ஈரமில்லாமல் இருந்தது. வயிற்றைத் தொட்டாள். பலகை மாதிரி இருந்தது.

"செரிக்கல போல. ஓமத்தண்ணி குடுத்திருக்கேன்" என்றாள் சரசு. "வாந்திகூட எடுக்கல. வலிக்குதான்னு கேட்டா இல்லன்னுது. காலைல நாஷ்டா கேட்டுது, ரெண்டு இட்லி சாப்ட்டா."

வினோதினி ஒற்றைக் கையால் குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, நிற்கச் சொல்லியிருந்த ஆட்டோவுக்கு ஓடினாள். பின்னாலேயே சரசு, பையில் மாற்றுத்துணியும் பிஸ்கட் பாக்கெட்டும் எடுத்துக்கொண்டு, எதுக்கு இப்படிப் பதர்ற என்று கேட்டபடியே வந்து ஏறினாள்.

பெரியாஸ்பத்திரியில் வினோதினி நோயின் பெயரைச் சொன்னாள். நல்லவேளையாக அங்கிருந்த இளம் டாக்டருக்கு அது தெரிந்திருந்தது. எப்போது சாப்பிட்டது என்று கேட்டார். நேற்று மத்தியானம் என்றதும் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. படம் எடுத்தார்கள், ஆபரேஷனுக்கு எடுத்துக்கொண்டு போகவேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகக்கூடாது என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் தென்றலின் கண் பாதி மூடியிருந்தது. கை மட்டும் துழாவிக்கொண்டுவந்து அம்மாவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தது.

"ம்மா. பசிக்குது."

"இல்லடா. இப்ப எதுவும் கெடையாது."

"ஒரே ஒரு பிஸ்கட்."

'வந்ததும் தரேன்' என்று சொல்லியிருக்கலாம். எந்தத் தாயும் சொல்லியிருப்பாள். வினோதினிக்கு அந்தச் சொல் பழக்கமில்லாமல் போயிருந்தது.

"இல்ல."

குழந்தை அவளை விட்டுவிட்டது. தலையைத் திருப்பி, சலைன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸைப் பார்த்து, உலர்ந்த உதட்டில் ஒரு சிரிப்பை வரவழைத்தது.

"அக்கா, நீங்க ரொம்ப அழகா இருக்கீங்க. உங்க டப்பால இன்னா இருக்குது?"

கதவு சாத்திக்கொண்டது.

வயிறு கறுத்து, ஒரு பக்கம் கிழிந்து, உள்ளே எல்லாம் பரவிவிட்டிருந்தது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். மேசையிலேயே போய்விட்டது. நேற்றைக்கே கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கி, வினோதினியின் முகத்தைப் பார்த்து, முடிக்காமல் விட்டுவிட்டார். குமரேசன் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது குழந்தையை வெள்ளைத்துணியில் சுற்றியிருந்தார்கள்.

வீட்டில் கூடம் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரேணுகாம்பாள்தான் முன்னால் நின்று எல்லாம் பார்த்தாள். சரசு மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பொய் ஒன்றும் இல்லை.

"எங்கண்ணே… இந்த வூட்ல பட்டினி கெடந்து கெடந்து, சோத்தக் கண்டதும் பறந்துட்டியே… வயிறு சுருங்கிப் போயிருந்துச்சே, தாங்கலியே… கேக்கறப்பல்லாம் ஒரு வாய் போட்டிருந்தா இந்த வெறி வந்திருக்குமா…"

"அதான" என்றாள் ரேணுகாம்பாள். "பூட்டிப் பூட்டி வச்சா எந்தக் கொயந்ததான் வெறிபிடிச்சித் துன்னாது?"

எல்லாத் தலையும் ஆடியது. அந்தக் கணத்திலேயே தீர்ப்பு முடிந்துபோனது. வினோதினி குமரேசனைப் பார்த்தாள். வேலூரில் அந்த அறையில், அந்த டாக்டர் எதிரில், அவளோடு உட்கார்ந்திருந்தவன் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்காமலே, "வுடுக்கா. அவளும் தெரிஞ்சா பண்ணா" என்றான்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. உறவுக்காரர்கள் வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து வினோதினி தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை. சாதத்தின் ஆவி மூக்கில் பட்டதும் அவளுக்குப் பசித்தது. வயிற்றைப் பிசைந்துகொண்டு, கண் இருட்டும்படி பசித்தது. அவளே ஒரு தட்டை எடுத்து, சாதத்தை வைத்து, குழம்பை ஊற்றிக்கொண்டு, அத்தனை பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய பெரிய கவளமாக.

"எப்படித்தான் எறங்குதோ" என்று சரசு முணுமுணுத்தது கேட்டது. அவள் நிறுத்தவில்லை. மறுபடி சாதம் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வயிறு நிறைந்தது. கை தானாகத் தட்டில் தயங்கியது. எல்லாருக்கும் நடப்பதுதான், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். வினோதினி தட்டைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். பிறகு இன்னொரு கவளத்தை உருட்டி வலுக்கட்டாயமாக வாய்க்குள் திணித்தாள். தொண்டை மறுத்தது. விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. இந்த மறுப்பு, இவ்வளவு சுலபமாக வருகிற இது, ஒரு நாள், ஒரு வேளைகூட அந்தக் குழந்தைக்கு வரவில்லை. ஆறு வருஷமும் அது பசியோடுதான் இருந்தது. அத்தைவீட்டு அண்டாவின்மேல் சாய்ந்து தூங்கினபோதும் பசியோடுதான் தூங்கியிருக்கும்.

வாயில் சோற்றோடு அவள் அழ ஆரம்பித்தாள். குழந்தை போனபிறகு அவள் அழுவது அதுதான் முதல்தரம். சத்தமில்லாமல் தொடங்கி, அப்புறம் அடக்கமுடியாமல், பருக்கைகள் தட்டில் சிதற அழுதாள்.

"இப்ப அழுது இன்னா பிரயோசனம்" என்றாள் ரேணுகாம்பாள், பக்கத்திலிருந்தவளிடம்.

குமரேசன் எழுந்து வாசலுக்குப் போனான். யாரோ வந்து அவள் முன்னாலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள்.